போட்டு வாறன்

கோலியர்ஸ் வுட்,
மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள மகள் பெனிற்றாவுக்கு,

பதினொரு வருடத்தில் இது என் முதல் கடிதம். தடுமாறாமல் இருக்க முதலிலேயே ஒழுங்கு போட்டுக்கொள்கிறேன்.

1. அம்மாவின் உடல்நிலை.
2. சென்ற சனிக்கிழமை காட்டிய பிரெஞ்சுப் படம்.
3. நீர் வாசலில் நின்று "போட்டு வாறன்" என்று சொல்லிப் போனது.

அம்மாவுக்கு ஈரலில் புற்றுநோய். இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்கிறார்கள். எத்தனை கிழமை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அம்மாவே கேட்டார். ஆறு வாரம் என்றார்கள். அதில் ஒன்று முடிந்துவிட்டது.

படம் பழையது, கறுப்பு வெள்ளை. கால்வாயில் மதகு திறந்து மூடும் ஒருவரின் மகள் பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போகிறாள். தகப்பன் குசினியில் கோப்பை கழுவியபடி திரும்பாமலே நிற்கிறார். நூலக மண்டபத்தில் நம்மவர்களுக்குப் படம் காட்டும் சூசைதாசன், திரையின் அடியில் ஓட என்னிடம் தமிழ் வசனம் எழுதித் தரக் கேட்டார். நாம் பிரான்சில் இருந்த காலத்துப் பிரெஞ்சை நம்பி ஒப்புக்கொண்டேன். சரியோ பிழையோ என்று ஒவ்வொரு வரியையும் மூன்று தரம் பார்த்தேன்.

வாசலில் அவள் சொல்வது, போகிறேன் என்பது மட்டும்தான். நம் வீடுகளில் அப்படிச் சொல்லிக்கொண்டு யாரும் படியிறங்குவதில்லை; போய்விட்டு வருகிறேன் என்பதுதான் வழக்கம். கை தானாகவே "போட்டு வாறன்" என்று எழுதிவிட்டது.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் சூசைதாசன், "மாஸ்டர், வாறன் எண்டவள் எங்கை? பஸ்ஸை விட்டிட்டாளோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிலர் தகப்பனைத் திட்டினார்கள், கூடுதலானவர்கள் பெட்டையைத்தான். அம்மா மட்டும் சக்கர நாற்காலியில் இருந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போவோம் என்றேன். "கொஞ்சம் பொறுங்கோ, வருவாள். சொல்லிப்போட்டெல்லோ போனவள்" என்றார்.

நீர் விரும்பிய பிள்ளையின் பெயரைச் சொன்னதற்குச் சித்தப்பா உமக்கு அடித்தபோது, வாய் திறக்காமல் நின்றவன் நான். நீர் போன பிறகு அம்மா ஷிப்ட் முடிந்து வந்து, பிள்ளை என்ன சொல்லிப் போனாள் என்று கேட்டார். நான் சொன்ன பதிலைத்தான் இத்தனை வருடமும் வைத்திருக்கிறார். உம்முடைய கட்டிலுக்கு மாதம் ஒருமுறை விரிப்பு மாற்றுவார். இப்போது நான் மாற்றுகிறேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு நான் குசினிக்குள் போய்விடுவேன். அம்மாவிடம் மட்டும் வாரும். ஆண்டவர் உம்மையும் உம் வீட்டாரையும் காப்பாராக.

அப்பா
கிறிஸ்துநாயகம்

பி.கு: கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். மூன்றாவதாக எழுதியது பிழை. அன்று நீர் சொன்னது, "போறன் அப்பா."