ரூத்தின் கூடை

மார்ச் 4, சனி

இன்று ஓவிய அறையில் இருந்தவர்கள்: நான், என் தங்கை வெர்லீன், படம் வரைகிற கைரா, ஜன்னலில் அவளுடைய ஒற்றைக்கண் பூனை. வேறு யாருமில்லை.

கைராவுக்கு முப்பத்திரண்டு வயதுதான். பால்டிமோர் தெருவில் கண்ணில் படுகிற நம் கறுப்புச் சனங்களைக் கூட்டிவந்து, பழைய ஐரோப்பிய அரண்மனைப் படங்களில் நிற்கிறவர்கள் மாதிரி நிறுத்தி வரைகிறாள். "அந்தப் படங்கள்ல நம்ம ஆளுங்க இருந்தா ஓரமா தட்டு ஏந்திக்கிட்டு நிப்பாங்கம்மா. நான் நடுவுல நிறுத்துறேன்" என்றாள். போன ஞாயிறு தொப்பியும் கையுறையுமாகப் பஸ்ஸுக்கு நின்ற எங்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தடிப் புத்தகத்தை என் மடியில் வைத்து, எந்தப் படம் போல நிற்க ஆசை என்று கேட்டாள். அறுபத்தொரு பக்கம் புரட்டினேன். பாதி அம்மணம். கண்ணை மூடித் தாண்டினேன். அப்புறம் வந்தது: இருட்டில் நடந்து போகும் இரண்டு பெண்கள். ஒருத்தி இடுப்பில் துணி மூடிய கூடை. மற்றவள் தோளில் ஏதோ இரும்பு மின்னியது. அரிவாள்தான், வேறென்ன?

"ரூத்தும் நகோமியும்! பைபிள்ல வர்ற மருமகளும் மாமியாரும். வாற்கோதுமை அறுத்துட்டு வர்றாங்க" என்றேன்.

வெர்லீனும் கைராவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரூத்தேதான்க்கா" என்றாள் வெர்லீன். முப்பது வருஷம் பள்ளியில் சரித்திரம் நடத்தியவள். அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

கூடை எனக்கு. ஸ்தோத்திரம்.

மார்ச் 11, சனி

நின்ற நேரம் மூன்று மணி இருபது நிமிடம். சபையில் அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போஜன ஞாயிற்றுக்கு உடுத்துகிற வெள்ளை உடை போட்டிருந்தேன்.

"அம்மா, இடது மணிக்கட்டைக் கொஞ்சம் வெளிய திருப்புங்க" என்றாள் கைரா.

"திரும்பாதுடி. படியில விழுந்தது. சரியாச் சேரல."

வெர்லீன் தலையைக்கூடத் திருப்பவில்லை. "அந்தப் படி ஞாயித்துக்கிழமை டை கட்டிக்கிட்டு ஆராதனைக்கும் வரும்" என்றாள்.

செத்து நாலு வருஷமான என் புருஷனை! சபையில் மூப்பராக, டீக்கனாக இருந்தவரை! அந்நியப் பெண் எதிரில்! திரும்பும்போது பஸ்ஸில் வெர்லீனை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் உட்கார்ந்தேன்.

மார்ச் 18, சனி

கைரா ஒரு ஆண் முகம் வேண்டும் என்றாள். வீட்டில் யார் போட்டோவாவது இருக்கிறதா?

போவாஸ்! ரூத்தைக் கைப்பிடித்தவர். என் வீட்டுக்காரர் முகத்தை விட்டால் வேறு எது அதற்குத் தகும்? ஹோரஸ் கண்மூடி ஜெபிக்கிற படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். வெர்லீன் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். வர வெகுநேரம்.

ஏப்ரல் 2, ஞாயிறு

கைராவின் படம் செப்டம்பரில் அருங்காட்சியகத்தில் மாட்டப்போகிறார்கள் என்று இராப்போஜனம் முடிந்ததும் சபையாரிடம் சொன்னேன். டீக்கன் ஹோரஸ் அருங்காட்சியகத்தில் போவாஸாக. எல்லாரும் கைதட்டினார்கள்.

செப்டம்பர் 15, வெள்ளி

எழுதத்தான் வேண்டுமா?

அருங்காட்சியகத்தில் இன்று படத்தைத் திறந்துவைத்தார்கள். பொன் பூசிய பெரிய சட்டம். எங்கள் உயரத்துக்கும் மேல். வெர்லீன் ராணி மாதிரி. அவள் தோளில் அரிவாள் இல்லை, வாள். பக்கத்தில் நான், வெள்ளை உடையில், சிரித்த முகமாக. என் கூடையில் வாற்கோதுமை இல்லை. துணி பாதி விலகி, உள்ளே ஹோரஸின் தலை. கழுத்தோடு வெட்டியது. கூடைப் பின்னல் வழியே ரத்தம் கசிந்து என் உடையில்—

போதகரின் மனைவி பெர்னடின் கூட வந்திருந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "டீக்கன் ரொம்ப அமைதியா இருக்காரு, சகோதரி" என்றாள்.

வெர்லீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "யூதித்து, அக்கா. குடிச்சு மயங்கிக் கிடந்த எதிரித் தளபதி தலையை வெட்டினவ. நீ அவ வேலைக்காரி. கத்தோலிக்கர் பைபிள்ல இருக்கு, நம்மதுல இல்ல. நீதான் நம்ம பைபிளுக்கு வெளிய ஒரு வரி படிக்க மாட்டியே."

"உனக்குத் தெரிஞ்சும்—"

"படத்தைக் கழட்டிக் குடுத்தது யாரு? நானா?"

கைராவிடம் போனேன். ஏன் ஏமாற்றினாய் என்றேன். "கூடை கிடைச்சதும் உங்க முகத்துல ஒரு சந்தோஷம் வந்துச்சும்மா. உண்மை சொல்லியிருந்தா அது போயிருக்கும்" என்றாள். கூசாமல் சொன்னாள்.

செப்டம்பர் 16, சனி

கைராவுக்கு எழுதிப் போட்டேன்: அந்த முகத்தை அழி.

செப்டம்பர் 20, புதன்

கோழி பொரித்தேன். இறங்கவில்லை.

கைரா போன் செய்தாள். அழித்துவிடுவாளாம். வேறு முகம் வைப்பாளாம். "ஆனா ஒரு தடவை தனியா வந்து பார்த்துட்டு முடிவா எழுதுங்கம்மா. பதினஞ்சு நாள்ல படம் வேற ஊருக்குப் போகுது."

எதற்குப் பார்க்க? இருபத்தேழு வருஷம் பார்க்காததா?

செப்டம்பர் 24, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பெண்ணிடம் பைபிள் இரவல் வாங்கி யூதித்து முழுக்கப் படித்தேன். பதினாறு அதிகாரம். வேலைக்காரிக்குப் பெயர் இல்லை. ஆனால் தலையைச் சுமந்து ஊர் சேர்த்தது அவள்தான்.

செப்டம்பர் 26, செவ்வாய்

தனியாகப் போனேன். எதிரே பெஞ்சில் ஒரு மணி நாற்பது நிமிடம்.

இடது மணிக்கட்டைக் கோணலாகவே வரைந்திருக்கிறாள். அன்று திரும்பாமல் நின்ற இடத்தில், அப்படியே. ஹோரஸின் வாய் லேசாகத் திறந்திருக்கிறது, ஏதோ சொல்ல வந்த மாதிரி. இருபத்தேழு வருஷத்தில் அவர் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்தி நான் கண்டதில்லை.

காவல் நின்ற பெண் கிட்டே வந்தாள். "அது நீங்கதானே?"

"நான்தான்."

"கூடையில யாரு?"

"ஒரு படி" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பஸ் ஏறும்போது பசித்தது. வறுத்த மீன் வாங்கி மீதம் வைக்காமல் தின்றேன். கர்த்தர் மன்னிப்பாராக.

செப்டம்பர் 28, வியாழன்

இன்று தபாலில் சேர்த்த கடிதத்தின் நகல்:

அன்புள்ள கைரா,

முகத்தை அழிக்க வேண்டாம். அவர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஒரே ஒரு திருத்தம். கூடையின் துணி அவருடைய காதையும் நெற்றியையும் மறைக்கிறது. நான் எதையோ ஒளிக்கிற மாதிரி இருக்கிறது. துணியை நன்றாகக் கீழே இறக்கு. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஆள் தெரிய வேண்டும்.

படம் ஊரை விட்டுப் போகுமுன் எங்கள் சபைப் பெண்கள் இருபத்திரண்டு பேர் வருகிறார்கள். பஸ் நான் ஏற்பாடு செய்கிறேன். எந்த நாளைக்குள் துணியை இறக்க முடியும் என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

ஆர்டேலியா