சிவப்புக் கோழியின் இடது இருக்கை

வில்லமோரா
9 மார்ச் 1952

என் தவிட்டுக்குருவிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். மூன்று வாரமாக ஒரு வரி எழுதாதவன் நலமாகத்தான் இருப்பான். "உம் புருஷனுக்கு மோதெனாவுல அந்தக் கார்தாண்டி பொண்டாட்டி" என்று ரொட்டிக் கடைக்காரி சிரிக்கிறாள். நானும் சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய?

இவானாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்கு அனுப்பு என்று ஒரே அடம். பன்றி அடித்தோம். உனக்கென்று அந்தக் கறியில் ஒரு சலாமி செய்து உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். கல்லாகக் காய்வதற்குள் வந்து சேர்.

நீங்கள் செய்கிற பந்தயக் கார் எப்படி இருக்கும் என்று ஊரில் கேட்கிறார்கள். சிவப்பு என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

உன் லீனா

*

மோதெனா
20 மார்ச் 1952

லீனாக்குட்டி,

சிவப்புதான். கோபம் வேண்டாம், கையெல்லாம் காயம், பேனா பிடிக்க முடியவில்லை. அலுமினியத் தகட்டை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டித் தட்டி, பின்பக்கம் முட்டையிட உட்கார்ந்த கோழி மாதிரி வந்துவிட்டது. பட்டறையில் அதற்கு சிவப்புக் கோழி என்றே பெயர். முதலாளி ரவஸ்ஸி காதில் அது விழுந்துவிட்டது. "கோழியாடா? ஓட ஆரம்பிச்சா உங்க கண்ணுக்கு அதோட தூசிகூடத் தெரியாது" என்று கத்தினார். மொத்தம் இரண்டு வண்டிதான் செய்தோம். ஒன்று சோதனை ஓட்டத்தில் எரிந்துபோனது. உலகத்திலேயே மிச்சம் இது ஒன்றுதான்.

இப்போது செய்திக்கு வருகிறேன். மே மாதம் ஆயிரம் மைல் பந்தயத்தில் நானும் போகிறேன்! ஓட்டுவது ஃபால்கோ, மார்கேஸ் பிரபு வீட்டுப் பிள்ளை. வண்டிக்குப் பணம் போட்டதே அவன் அப்பாதான். பக்கத்தில் இடது இருக்கையில் மெக்கானிக்காக நான். வழியில் கழன்றதை முடுக்க வேண்டும், டயர் மாற்ற வேண்டும், வளைவு வருமுன் அவன் தோளைத் தட்ட வேண்டும். பெயர் ஓட்டுகிறவனுக்கு, தூசி பக்கத்தில் இருக்கிறவனுக்கு. அதுதான் வழக்கம்.

இதை யாரிடமும் சொல்லாதே. நேற்று ஃபால்கோ என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "ஏ குள்ளா, பொலோஞ்ஞா தாண்டினா நேர் ரோடு. எனக்குக் கை ஓஞ்சுபோயிருக்கும். கொஞ்ச தூரம் நீ பிடிக்கிறியா?" என்றான். லீனா, நான் தட்டிச் செய்த வண்டி! நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

உன் எர்மெஸ்

*

வில்லமோரா
27 மார்ச் 1952

எர்மெஸ்,

குருவி என்று எழுத இன்று மனம் வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்டியரிங்கை மட்டும் தொடாதே. அவன் வண்டியை உடைத்தால் அவன் அப்பா இன்னொன்று வாங்கித் தருவார். நீ உடைத்தால் நம்மை யார் சும்மா விடுவார்கள்? ரோட்டோரம் ஜனங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பார்கள். போன வருடம் நானே இவானாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

இவானா தலைமேல் சத்தியம் செய்து எழுது. எழுதாவிட்டால் நானே பட்டறைக்கு வந்து எல்லார் முன்னாலும் உன் காதைத் திருகுவேன். மார்கேஸ் பிள்ளையும் பார்த்துச் சிரிக்கட்டும்.

லீனா

*

மோதெனா
24 ஏப்ரல் 1952

லீனாக்குட்டி,

நீ வராமலே காது வலிக்கிறது. இவானா தலைமேல் சத்தியம், தொட மாட்டேன். ஃபால்கோவிடமும் சொல்லிவிட்டேன். "பொண்டாட்டிக்குப் பயந்தவன்னு கோழி முதுகுல எழுதிடட்டுமா?" என்று கேட்டான். பட்டறையே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

பந்தயத்தன்று மதியம் நம் ஊர்ச் சாலையைக் கடப்போம். நீல உருமாலைத் தலையில் கட்டிக்கொண்டு நில். கை தூக்கிக் காட்டுவேன். ஓட்டுகிறவனால் கை தூக்க முடியாது, அதனால் தூக்குகிறவன் நான்தான் என்று தெரிந்துகொள்.

உன் குருவி

*

வில்லமோரா
8 ஜூன் 1952

குருவி,

உறைமேல் முகவரி எழுதவில்லை.

நீல உருமாலைக் கட்டிக்கொண்டு நின்றேன். போன சிவப்பு வண்டிக்கெல்லாம் இவானா கையாட்டினாள். ரோட்டைத் திறந்துவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போன பிறகும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

பொலோஞ்ஞா தாண்டி நேர் ரோட்டில் கவிழ்ந்ததாம். நீ போய்விட்டாய். ஓரமாக நின்ற ஒரு சின்னப் பெண்ணும் போய்விட்டாள், மஃபால்தா என்று பெயர். ஃபால்கோவுக்குத் தோள்பட்டை முறிந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறான்: "பாவம், ரொம்பக் கெஞ்சினான். மனசு கேட்காம குடுத்தேன்." உங்கள் இரண்டு பேரையும் வண்டி வெளியே வீசிவிட்டது. அங்கே நின்றவர்களுக்குத் தூசிதான் தெரிந்தது.

ரவஸ்ஸி முதலாளி வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. "ஓட்டக் கூடாதவன் ஓட்டியிருக்கான்மா. காப்பீட்டுக்காரன் ஒண்ணும் தர மாட்டான், நானும் தர முடியாது" என்றார். நீ ஓட்டவில்லை என்று உன் கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். சத்தியம் செய்த கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆசைப்பட்டு எழுதிய கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். எனக்குப் புரிவதற்குள் அவர் கார் தெருமுனை திரும்பிவிட்டது.

மஃபால்தா வீட்டுக்குப் போனேன். கையில் கொண்டுபோக வேறு ஒன்றும் இல்லை, உன் சலாமியைக் கொண்டுபோனேன். அவள் அம்மா வாசலிலேயே நின்றாள்.

"உம் புருஷனா ஓட்டினான்?"

"இல்லீங்க. தொட மாட்டேன்னு பிள்ளை தலையில சத்தியம் பண்ணியிருக்காரு."

"அப்ப யாரு ஓட்டினா? எம் மஃபால்தாவா?"

சலாமியை வாங்கிச் சங்கிலியில் கட்டியிருந்த நாயிடம் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். நாய் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

லீனா

*

வில்லமோரா
11 அக்டோபர் 1953

குருவி,

கோழியை நிமிர்த்திவிட்டார்கள். உன் இருக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே தகடு வைத்து மூடிவிட்டார்களாம். எடை குறைந்ததும் பறக்கிறதாம். ஃபால்கோ தனியாக ஓட்டிச் சிசிலியில் ஜெயித்தான். பேப்பரில் படம் வந்தது. கழுத்தில் மாலையோடு அவன். நீ உட்கார்ந்த இடத்துத் தகட்டின்மேல் காலை மடித்துக்கொண்டு ஒரு நடிகை. வண்டியை வெனிசுவேலாவில் ஒரு எண்ணெய்க் கிணற்று முதலாளி வாங்கிவிட்டாராம்.

இவானாவுக்கு ஆகஸ்டில் காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது, ஒரு கால் பிழைக்கவில்லை. இரும்பு மாட்டி நடக்கிறாள். ரொட்டிக் கடையில் என் முன்னாலேயே பேசினார்கள். "பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு மீறினா, வேற எங்க போய் விடியும்?" சத்தியத்தைப் பற்றி ஊருக்குச் சொன்னவள் நான்தான். உன்னைக் காப்பாற்றச் சொன்னேன்.

இவானாவுக்கும் அது காதில் விழுந்துவிட்டது. இரும்பைக் கழற்றும்போது கேட்டாள், "அம்மா, அப்பாவுக்கு என் தலையைவிட அந்தக் கார்தான் பிடிக்குமா?"

நான் அவளை அடித்துவிட்டேன்.

லீனா

*

வில்லமோரா
21 மே 1989

என் தவிட்டுக்குருவிக்கு,

இத்தனை வருடம் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? நாற்று வயலில் களை எடுத்தேன், பிறகு ஆஸ்பத்திரித் துணி வெளுத்தேன், பிறகு முதுகு போய்விட்டது.

உன் கோழி திரும்பி வந்திருக்கிறது. எகர் என்று ஒரு சுவிஸ்காரர் வெனிசுவேலாவில், கராகஸில் கண்டுபிடித்தாராம். என்ஜினை யாரோ படகில் மாட்டிவிட்டார்கள், அலுமினியத்தை எடைக்குப் போட்டுவிட்டார்கள். எண் குத்தின சட்டத்துண்டு ஒன்றுதான் கிடைத்ததாம். அதை நடுவில் வைத்து மற்றதெல்லாம் புதிதாகச் செய்துவிட்டார். "அந்த நம்பர் இருந்தாப் போதும்மா, அதே வண்டிதான். உலகமே அப்படித்தான் கணக்கு வெச்சிருக்கு" என்றார். மோதெனாவில் கண்காட்சி. என்னையும் இவானாவையும் வரச்சொல்லிக் கார் அனுப்பினார்.

இடது இருக்கையைத் திரும்ப வைத்திருக்கிறார்கள். 1952தான் அதற்குப் பேர்போன வருடமாம். வண்டி முன்னால் ஒரு பலகையில் அதன் சரித்திரம் எழுதியிருக்கிறது. இவானா எனக்காகச் சத்தமாகப் படித்தாள். எரிந்துபோன இன்னொரு வண்டி, சிசிலி வெற்றி, நடிகை, எல்லாம் இருக்கிறது. நடுவில்: "1952, மெக்கானிக் எர்மெஸ் பரால்தி ஓட்டிக் கவிழ்த்தார், சிறுமி ஒருத்தி பலி." அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை.

"இந்த ஒரு வரியை அழிச்சிடுங்கய்யா" என்று கேட்டேன்.

எகர் நல்ல மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, இந்த ஒரு வரிக்காகத்தான் ஜனம் வந்து நிக்குது. இல்லாட்டி இதுவும் நூறு சிவப்பு வண்டில ஒண்ணு" என்றார். பிறகு உன் இருக்கையில் உட்காரச் சொன்னார், படம் எடுக்க.

நான் வலது பக்கம் போய் ஓட்டுகிறவன் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குக் கால் எட்டவில்லை. உன் கால்சட்டையைப் போட்டுக்கொண்டுதானே நான் வயலுக்குப் போவேன்? எனக்கு எட்டாதது உனக்கு எப்படி எட்டும்? "பாருங்க! எட்டலை பாருங்க!" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் மூச்சே வரவில்லை.

எகர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "சீட்டு, பெடல் எல்லாம் போன வருஷம் செஞ்சதும்மா. எங்க மெக்கானிக் ஆறடி. அவன் காலுக்கு வெச்சது."

ஃபால்கோவும் வந்திருந்தான். தலை பஞ்சாக நரைத்திருக்கிறது, தோள் இன்னும் கோணல். சின்னப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றான்.

"சாகிற வயசு ஆயிடுச்சு. இப்பவாவது சொல்லிடு, யாரு ஓட்டினது?"

வண்டியைப் பார்த்தபடி சொன்னான். "சொல்லக் கூடாதுன்னு இல்லைம்மா. இத்தனை வருஷமா அவன்தான் ஓட்டினான்னு சொல்லிச் சொல்லி, இப்ப கண்ணை மூடினா அவன் கையிலதான் ஸ்டியரிங் தெரியுது. அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சோ, எங்கிட்ட இல்லை." அவன் அழுதான். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது இவானா இரும்புக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அப்பாதாம்மா ஓட்டியிருப்பாரு. எனக்கு அவரைத் தெரியாது. ஆம்பளைங்களைத் தெரியும்" என்றாள். இந்த முறை நான் அடிக்கவில்லை.

இத்தனை நாள் உன்னை நினைத்தால் நீ இடது இருக்கையில் இருப்பாய், தூசியோடு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு. அதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். கண்காட்சியிலிருந்து வந்த பிறகு, வண்டி வருகிறது, உன் முகம் தெரிகிறது, எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய் என்று மட்டும் தெரியவில்லை. கோபம் இல்லை. ஓட்டியிருந்தாலும் சரி, நீ என் குருவிதான். எனக்கு மட்டும் சொல்லேன், அந்த நேர் ரோட்டில் ஸ்டியரிங் யார் கையில் இருந்தது?