மூடிய தேரில் போன சுடர்

“எங்க கையில இருக்கிறப்ப அணைஞ்சு போச்சுன்னா என்ன செய்வீங்க, தாயே?” என்று முன்னொரு நாள் நம்மைக் கேட்டவள், அளத்தூர் உப்பளத்தாரின் தலைவி வேம்பி. அக்கேள்வியை மறவாதவளும், நெடுவரை முதல் கீழைக்கடல் வரை செங்கோல் செலுத்துபவளுமாகிய கோ மாநங்கை, கீழ்க்கரை நாடாள்வான் மருதத்தரையனுக்கு விடுக்கும் ஓலை. உமது நாட்டு ஏரிகள் நிறைக. அளங்களில் உப்பு விளைக. அங்குள்ள குழந்தைகள் நோயின்றி வளர்க. உமக்குரிய வாழ்த்தை இம்முறை எழுத வேண்டாம் என்று ஓலைநாயகத்திடம் சொல்லிவிட்டோம்.

சுடர்நடைத் திருநாளன்று மலைக்கோயிலில் ஏற்றிய சுடர் ஓரிடத்திலும் அணையாமல் துறைமுகம் சேர்ந்தது என்றும், அயல்நாட்டுத் தூதர் வியந்தனர் என்றும், வழியூரார் கைநடுங்கிக் கெடுத்துவிடாதபடி அதை மூடிய வெண்கலக் கூண்டில் வைத்துத் தேரேற்றிக் குதிரைவீரர் காவலுடன் கொண்டுசென்றீர் என்றும் எழுதியிருந்தீர். அதற்குப் பரிசாகப் பட்டமும் கேட்டிருந்தீர்.

துறைமுகம் சேர்ப்பது மட்டுமே நோக்கமென்றால் ஒரு குதிரை போதுமே. ஊர் ஊராக எதற்குக் கைமாற்றுகிறோம் என்று ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்தீரா? சுடரைக் கொடுத்த ஊர், அதே தீயைத் தன் அடுப்பில் காத்து வைத்திருக்க வேண்டும். வாங்கிய ஊரார் கையில் அது அணைந்தால் அவர்கள் திரும்பி வந்து கேட்பார்கள். கேட்டவுடன் ஏளனமின்றிக் கொடுக்க வேண்டும். இதுவே முறை. வேம்பிக்கும் இதையே விடையாகச் சொன்னோம்.

சுடர்வழியில் அளத்தூருக்கு முந்தைய ஊரான மருதங்காட்டின் மக்கள் எல்லைப்போரில் அளத்தூரின் குடிசைகளைக் கொளுத்தியதை நீர் அறிவீர். அளத்தூர் நம் நாட்டோடு சேர்ந்த முதல் ஆண்டிலேயே கடற்காற்று அவர்கள் பந்தத்தை அணைத்துவிட்டது. “அவங்ககிட்டயா போயி நெருப்புக் கேக்கணும்? நெருப்பு வைக்கத்தான் அவங்களுக்குத் தெரியும்” என்று முணுமுணுத்தபடியே மருதங்காட்டுக்குத் திரும்பிச் சென்றார்கள். மருதங்காட்டார் தீயோடு கஞ்சியும் கொடுத்தனர். சிலர் மேலாடையை விரித்துக் காற்றை மறைத்தபடி அளத்தூர் வரை கூடவே நடந்தனர். பின்னர் ஆண்டுதோறும் நடந்தனர். மருதங்காட்டு வயல்களில் கடல்நீர் புகுந்தபோது, நம் ஆணை போகுமுன்னே மண்வெட்டியோடு வந்து நின்றவர்கள் அளத்தூரார். படை அனுப்பியும் நாம் பெற முடியாததை அணைந்த பந்தம் ஒன்று பெற்றுத் தந்தது. அணையவே கூடாது என்று கூண்டு செய்த உமக்கு இது எப்படிப் புரியும்?

இவ்வாண்டும் அளத்தூரார் எண்ணெய் ஊறிய பந்தத்தோடு எல்லைக்கல்லருகே காத்திருந்தார்கள். தேர் நிற்கவில்லை. “ஓரமாப் போங்க, உப்புக் கையோட தொட்டுடாதீங்க” என்று உம் வீரன் ஒருவன் சொல்லிச் சிரித்தானாம். இன்று வேம்பி அவைக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் குரல் உயரவில்லை. “எங்கள நம்பலைன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புள்ளைங்கள வெயில்ல நிக்க வெச்சிருக்க மாட்டோம்” என்றாள். அவையில் இருந்த நாம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தோம். நம்மை அந்நிலையில் வைத்தவர் நீர்.

ஆகவே ஆணையிடுகிறோம். உமது குடையும் கொடியும் இன்றோடு நிறுத்தப்படுகின்றன. நீர் மருதங்காட்டுக்குச் சென்று, அவர்கள் அடுப்பிலிருந்து சுடர் கேட்டு வாங்கி, வெறுங்காலோடு அளத்தூர் எல்லைவரை நடக்க வேண்டும். சிரித்த அவ்வீரன் மேலாடை விரித்து உம்மோடு வரட்டும். வழியில் அணைந்தால் திரும்பிப் போய் மீண்டும் கேளும். அளத்தூரார் உம் கையிலிருந்து அதை வாங்கினால் நாடாள்வான் நீர். வாங்காவிடில் அப்பதவி உமக்கில்லை. இது நம் சொல். சங்கு இலச்சினையை நம் கையாலேயே இட்டோம்.

இலச்சினையிட்ட பின் நிகழ்ந்ததையும் நீர் அறிய வேண்டுமென்று ஓலையின் ஓரத்தில் சேர்க்கச் செய்கிறோம். வேம்பி கேட்க இவ்வாணையை உரக்கப் படிக்கச் செய்து, நாடாள்வான் சுடரோடு வந்தால் அளத்தூரார் கைநீட்டி வாங்குவார்களா என்று அவளிடம் கேட்டோம். அவள் நம்மை வணங்கினாள். தோள்சீலையைச் சரிசெய்துகொண்டு அவையை விட்டு வெளியேறினாள். அவ்விடையை நீர் எல்லைக்கல்லருகேதான் பெற முடியும்.