இடக்கையில் வாளேந்திய அரசி

அன்புத் தோழியே,

இன்று காலை ஸ்ரீமுஷ்ணம் செல்லும் பேருந்தில், அவசரத்தில் சுருக்குப்பையில் அகப்பட்ட சில்லறையை எல்லாம் அள்ளி நீட்டினேன். நடத்துநர் அதிலிருந்து வெண்ணிற வட்டம் ஒன்றைப் பொறுக்கி உயர்த்தினார்.

“இன்னாம்மா இது, பீங்கான் காசு? யாரு இந்த அம்மா, கத்திய பீச்சாங்கையில புடிச்சிருக்காங்க?”

பேருந்தே சிரித்தது. என் உள்ளமோ துள்ளியது. நீ மறைந்து ஓராண்டு கழிந்தபின், நாம் செய்த நாணயம் முதன்முறையாக ஒருவர் கைக்குக் காசாகவே சென்றிருக்கிறது!

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக் கூடத்தில் நாம் அருகருகே அமர்ந்து ஈரப் பொம்மைகளைத் துடைத்த காலம் அது. தலைவர் ஒருவரின் முகம் பொறித்த புது ரூபாய் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

“ஏண்டி, நாட்டுக்காக சண்ட போட்ட பொம்பளைங்களே இல்லியா? ஒருத்தி மூஞ்சியும் காசுல காணமே!”

பள்ளிப் படியேறாமல் நூலகத்திலேயே கற்றவள் நான். வெள்ளையரிடமிருந்து தன் சீமையை மீட்ட சிவகங்கை அரசியின் வரலாற்றை அன்று மாலைக்குள் உனக்குச் சொல்லி முடித்தேன். மறுநாளே பிளாஸ்டர் அச்சில் அவளைச் செதுக்கினேன், வலக்கையில் வாளுடன். களிமண்ணை அழுத்தி எடுத்தால், வாள் இடக்கையில்! அச்சில் வலம் இடமாகும் என்பதை, நாள்தோறும் அச்சுகளோடு வாழ்ந்த நானே ஆர்வத்தில் மறந்திருந்தேன். வெட்கத்தில் அதைப் பிசைந்துவிடப் போனேன்.

நீ பறித்துக்கொண்டாய். இடக்கைப் பழக்கமுடையவள் நீ, “சோத்துக்கை எங்க போச்சு?” என்று மேஸ்திரி கேட்கும்போதெல்லாம் அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்பவள். அன்று அந்தக் கையாலேயே நாணயத்தை அவரிடம் நீட்டினாய்.

“அண்ணே, இதையும் சூளையில வைங்க.”

“பீச்சாங்கை ராணியா? உனக்குச் சொந்தமா?”

“ஆமாண்ணே. பீச்சாங்கையால வெட்டுனா மட்டும் வெள்ளக்காரன் எழுந்து வந்துடுவானா?”

மேஸ்திரியே சிரித்துவிட்டார். நாணயம் சூளையில் வெடிக்காமல் பளபளத்து வந்தது. மறுநாள் முதல் நீ இடக்கையாலேயே பொம்மை துடைத்தாய். அவர் அடுத்த பொம்மைத் தட்டை உன் இடப்பக்கமே வைத்துவிட்டுப் போனார்.

இன்று பேருந்தில், “தப்பா அடிச்சிட்டாங்க போலருக்கு,” என்றார் நடத்துநர்.

“தப்பில்லைங்க. அது என் சிநேகிதியோட கை,” என்றேன்.

முன்னிருக்கைப் பெண்ணொருத்தி அதைக் கேட்டு வாங்கினாள். பிறகு அடுத்தவள். கடைசி இருக்கை வரை கைமாறிச் சென்று அது என்னிடம் திரும்பியது. காசு புழங்குவது என்றால் அதுதானே!

என்றேனும் அரசாங்கமே அவளை நாணயத்தில் பொறிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். அதில் வாள் வலக்கையில்தான் இருக்கும். அதையும் பெருமையோடு வாங்கி, சுருக்குப்பையில் உன் அரசிக்குப் பக்கத்தில் வைப்பேன். செலவழிக்க மட்டும் மாட்டேன்.