காக்கிச் சட்டை மூட்டை

ஜூன் 3, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையில் யூரியா சாக்கில் மணல் நிரப்பி, மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டேன். மாடுகளை விற்றாயிற்று. கொட்டகை சும்மாதான் கிடக்கிறது.

அறுபத்திரண்டு வயதில் குத்துச்சண்டை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் வேலை செய்யவில்லை. போன வாரம் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். ஒருத்தியாக என்னால் தூக்க முடியவில்லை. அக்கம்பக்கத்து ஆட்கள் வயலிலிருந்து வரும்வரை தரையில் கிடந்தார். விஷயம் தெரிந்து ஓசூரிலிருந்து பையன் செந்தில் போன் செய்தான். “ஜூலை மொத ஞாயித்துக்கெழம வரேன். நீ ஒருத்தியா அப்பாவ தூக்கி சேர்ல உக்கார வச்சுக் காட்டு. முடியலன்னா வூட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க.”

போக மாட்டேன். சத்துணவுக் கூடத்து அடுப்பில் வெந்து சம்பாதித்துக் கட்டிய வீடு இது. ஒரு வாய் டீக்கு மருமகள் முகத்தைப் பார்த்து நிற்க என்னால் ஆகாது.

ஆஸ்பத்திரியில் இவருக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னதுதான்: “மொதல்ல உங்க தோளு பலமாகணுங்கம்மா. இல்லன்னா அவரோட சேந்து நீங்களும் வுழுந்துருவீங்க.” மூட்டையைக் குத்தினால் தோளும் நிற்கும், காலும் நிற்கும் என்று செல்லில் வீடியோ காட்டினாள். அதில் என்னைவிடக் கிழவிகள்.

ஜூன் 5, வியாழன்

மணிக்கட்டு வீக்கம். மணல் எல்லாம் அடியில் இறங்கிக் கல்லாகிவிட்டது. வீடியோவை மறுபடி பார்த்தேன். மணல் கூடாதாம், துணி அடைக்க வேண்டுமாம். முதலிலேயே முழுசாகப் பார்க்காத என்னைச் சொல்ல வேண்டும்.

இடது கையால் சமையல். ரசத்தில் உப்பு கம்மி. இவர் துப்பினார், என் புடவை மேல்.

ஜூன் 9, திங்கள்

காற்று. கொட்டகை முழுக்க வேப்பிலை.

பீரோவைக் காலி செய்தேன். இவர் லாரி ஓட்டிய காலத்துக் காக்கிச் சட்டைகள், லுங்கி, குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர். எல்லாம் சாக்குக்குள். மிதித்து மிதித்து அடைத்தேன்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள், மாங்கூழ் கம்பெனி வேலைக்குப் போகிறவள், எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“என்னக்கா இது, ஆளு உசுரோட இருக்கறப்பவே துணிய வாரிக் கட்டறீங்க?”

“போட்டுக்கிட்டு எங்க போகப் போறாரு?” என்றேன்.

பாவம், அவள் பயந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 17, செவ்வாய்

கைவசம் உள்ளவை:
மூட்டை.
பைக் டயர், பஞ்சர் கடையில் சும்மா கொடுத்தது. வேப்ப மரத்தில் கட்டியிருக்கிறேன். இதைக் குத்தினால் கை துள்ளித் திரும்புகிறது, நல்லது.
பெயிண்ட் டப்பா இரண்டு, அந்த மணலைப் போட்டது. தூக்கி இறக்க.
கையில் சுற்றிக்கொள்ள இவர் வேட்டியைக் கிழித்த பட்டை.

பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது, நல்லம்பள்ளி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மூச்சு இப்போது அவ்வளவு வாங்குவதில்லை. தோளில் கல் மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது. குளிக்கும்போது தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், வெட்கம் கெட்டவள்.

ஜூன் 24, செவ்வாய்

இவர் கேட்டார். வாய் கோணிக்கொண்டு, எச்சில் வழிய.

“என்...ன சத்தம்?”

“மூட்ட குத்தறேன்.”

“எ...துக்கு?”

“உன்னத் தூக்கத்தான்.”

நம்பவில்லை. சத்தம் கேட்கத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்கிறார். பாயும் நனைந்துவிடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லோடு இறக்கிவிட்டு வந்த ஒவ்வொரு முறையும் அந்த வலது கைதான். என் இடது காதில் இன்றைக்கும் பாதிதான் கேட்கிறது.

கொட்டகைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுக் குத்தலாம். சாத்தவில்லை. கேட்கட்டும்.

அவரை நான் தொட்டு அடித்ததில்லை. ஒரு நாளும் இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 2, புதன்

தூக்கிவிட்டேன்! முட்டியை அவர் முட்டிக்கு அண்டக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் கை கோத்து, ஒரே மூச்சில். கட்டிலிலிருந்து சேர். மறுபடி கட்டில். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

செந்தில் வரட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

தூறல். செந்தில் வாடகைக் காரில் பத்து மணிக்கு வந்தான். கோழிக் குழம்பு வைத்திருந்தேன்.

“எங்க, காட்டு பாக்கலாம்” என்று சிரித்தபடி கதவோரம் நின்றான்.

மூட்டை குத்திவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன், கையில் பட்டையை அவிழ்க்கவில்லை. கட்டில் பக்கம் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன். இவர் இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“அடிக்...காத. அடிக்காத.”

தூக்கினேன். பிசகாமல் சேரில் வைத்தேன். திரும்பினால் செந்தில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, அப்பாவ அடிக்கறியா?”

நான் வாழ்ந்த வாழ்க்கைக்கு இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது அவன் அப்பன் பக்கம் திரும்பிக் கேட்டிருந்தால்.

“என்ன அவரு அடிச்சப்ப நீ எங்கடா இருந்த? அதே வூட்லதான இருந்த?”

“பழசெல்லாம் இப்ப எதுக்கும்மா.”

வாசலில் நின்று பெண்டாட்டிக்குப் போன். “அந்த ரூம காலி பண்ணு. அப்பா மட்டுந்தான். அம்மா இங்கியே இருக்கட்டும்.”

குழம்பை யாரும் தொடவில்லை. மாத்திரை, டவல், ஷீட், எல்லாம் பையில் எடுத்து வைத்தேன். சேரிலிருந்து காருக்குத் தூக்க நான்தான் குனிந்தேன். செந்தில் என் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

“நீ தொடாத.”

அவனும் டிரைவரும் தூக்கினார்கள், ஆளுக்கொரு அக்குளைப் பிடித்து. அப்படித் தூக்கக் கூடாது, முட்டிக்கு அண்டக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். வாசற்படியில் கால் இழுபட்டுப் பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். கத்தினார். என்னைப் பார்த்துத்தான் கத்தினார், என் பேரைச் சொல்லி.