எரியா, ஏரியா

மார்ச் 4, 2019

காலையில் பேருந்தில் ஒரு பையன் வாந்தி எடுத்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு இது செய்தியே அல்ல. செய்தி வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தது. எங்கள் குடியிருப்பின் நிலத்தை யாரோ வாங்கிவிட்டார்கள். ஏரிக்கரையில் சொகுசு விடுதி வரப்போகிறதாம். கோடைக்குள் எல்லோரும் வீட்டை நகர்த்திவிட வேண்டுமாம். சக்கரம் வைத்த வீடுதானே, இழுத்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்திருப்பார்கள். என் வீட்டுச் சக்கரங்களைக் கடைசியாக எப்போது பார்த்தேன்? அவை மண்ணுக்குள் போய், மேலே ரோஜாச் செடி வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஏர்ல் பூச்செக், எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோட்டீஸை இரண்டு முறை படித்தார். "என் வீட்டை இழுத்தா ரெண்டா உடையும்மா. முன்பாதி அவங்களுக்கு, கக்கூஸ் எனக்கு."

மார்ச் 19

கூட்டம். வக்கீல் ஹாலரன், வெளியேற்றத்தை எதிர்க்கும் எங்கள் வழக்கை எடுத்துக்கொண்டார். தன் கூலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் நீதிமன்றச் செலவு, நில அளவைக்காரர் செலவு என்று ஒரு பட்டியலே இருக்கிறதாம். கேக் விற்கலாம் என்றார் ஒருவர். போன முறை கேக் விற்றதில் மாவுக்கே கட்டுப்படியாகவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து இசைத்தட்டுக் கடை கெண்ட்ரா எழுந்தாள். "உங்க நடுவுல யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரியுமா?" நானும் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஈரத் தீக்குச்சிகள். நாங்கள் வைத்த பெயர்தான். இருபது வயதில் ஒரு பங்க் ராக் குழு, ஒரே ஒரு இசைத்தட்டு. எல்லாப் பாட்டையும் போட்டால்கூட ஒரு முட்டை வேக ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். நான் பாடினேன், இல்லை, கத்தினேன். ஐரிஸ் மால்டொனாடோ எழுதி, கிதார் வாசித்தாள். இப்போதுள்ள குழுக்கள் எங்கள் பாட்டை ஆளுக்கு ஒன்று பாடட்டும், அதைத் தட்டாகப் போட்டு விற்று வழக்குக்குக் கொடுக்கலாம் என்கிறாள் கெண்ட்ரா. ஜப்பானில் எங்கள் தட்டுக்கு அடித்துக்கொள்கிறார்களாம். ஜப்பானில் வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 11

பாடப்போகிற குழுக்களிடமிருந்து தினமும் போன். ஆக்ரனிலிருந்து, யங்ஸ்டவுனிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ. எல்லோருக்கும் ஒரே கேள்வி: அந்தப் பாட்டில் நீங்கள் என்ன வார்த்தை சொல்கிறீர்கள்?

எனக்கு எப்படித் தெரியும்? எழுதியது ஐரிஸ். அப்போதே அரைகுறைதான். இப்போது தட்டைப் போட்டுக் கேட்டால் யாரோ படியில் உருண்டு விழுவது போல இருக்கிறது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்கிறேன். ஒரு பெண் மிகவும் பணிவாக, "‘என் முட்டைக்கோசைத் தொடாதே’ன்னா அரசாங்கத்தைச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஐரிஸைக் கேட்கச் சொல்கிறாள் கெண்ட்ரா. மாட்டேன். டொலீடோவில் கச்சேரிக்கு முந்தின நாள் கிதாரை எங்கள் வீட்டு வாசலில் சாத்திவிட்டு நர்ஸிங் படிக்கப் போனவள். ஒரு வார்த்தை இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். போன வருடம் கடையில் எதிரெதிரே வந்துவிட்டோம். நான் பாய்ந்து நுழைந்த வரிசையில் நாய்த் தீனி. எனக்கு நாய் கிடையாது. ஒரு பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மே 25

தட்டு வந்துவிட்டது. கெண்ட்ரா கொண்டுவந்து போட்டாள். ஏர்ல் சட்டையை மாற்றிக்கொண்டு கேட்க வந்தார்.

கடைசிப் பாட்டுக்கு மூன்று குழுக்கள் சண்டை போட்டதால் மூன்றையும் சேர்த்திருக்கிறாள். ஆக்ரன் பெண்கள் "எரி! எரி! முழுசா எரி!" என்று பாடுகிறார்கள். கிளீவ்லாந்துக்காரர்கள் அக்கார்டியன் வைத்து, கல்யாணத்தில் ஆடுகிற போல்கா நடனப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். அதில் எந்த வார்த்தையும் காதில் விழவில்லை. யங்ஸ்டவுன் பையன்கள் காதில் "ஹாரி" என்று விழுந்திருக்கிறது. ஹாரி, ஹாரி, முழுசா ஹாரி. மெதுவாக, அழுதுகொண்டே. ஏர்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம்மா. அந்த ஹாரி திரும்பி வரவே இல்லையா?"

ஜூன் 30

விற்கிறது. எனக்கே நம்ப முடியவில்லை. நில அளவைக்காரர் வந்து அளந்துவிட்டுப் போனார்.

ஜூலை 16

போச்சு. எல்லாம் போச்சு.

நிலத்தை வாங்கிய கம்பெனியின் வக்கீல் மனுப் போட்டிருக்கிறான். இனிமேல் கட்டப்போகிற விடுதியை நாங்கள் கொளுத்தப் போகிறோமாம். அந்தப் பாட்டு மிரட்டலாம். அதைக் காசு வாங்கிக்கொண்டு ஊரெல்லாம் பரப்புகிறோமாம். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எங்களை உடனே வெளியேற்ற வேண்டுமாம். குழுவின் பெயரையும் சாட்சியாகக் காட்டியிருக்கிறான். ஈரத் தீக்குச்சி பற்றவே பற்றாதே என்றேன். இதை மட்டும் நீதிமன்றத்தில் சொல்லிவிடாதீர்கள் என்றார் ஹாலரன்.

அவரும் எங்கள் பழைய தட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "எரியா, ஏரியா? நீங்கதானே பாடினீங்க."

தெரியலையே. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? எல்லாரும் என்னையே பாக்கறாங்க. ஏர்ல் இந்த வயசுல எங்க போவார்? நான் எங்க போவேன்?

ஜூலை 17

ஐரிஸுக்குப் போன் செய்யமாட்டேன்.

ஜூலை 18

செய்தேன். அவள் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். மறுபடியும் செய்தேன், மறுபடியும் வைத்தேன். அடுத்த முறை அவளே, "போலீஸ்ல சொல்லிடுவேன்" என்றாள்.

ஹாலரனே அவளுக்குச் சம்மன் அனுப்பிவிட்டார்.

ஆகஸ்ட் 14

நீதிமன்றத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஏர்ல் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நீதிபதி ஒரு பெண்மணி. பல்வலிக்காரர் போன்ற முகம். முதலில் எங்கள் பழைய தட்டைப் போட்டார்கள். நீதிமன்றத்தில் அது வீட்டில் கேட்டதைவிட மோசமாக இருந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டு, இதை எப்படி எழுதுவது என்று கேட்டாள். மறுபடியும் போடச் சொன்னார் நீதிபதி. அப்புறம் இன்னொரு முறை. பிறகு புதிய தட்டு. யங்ஸ்டவுன் பையன்களின் பாட்டு முடிந்ததும் நீதிபதி கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"ஹாரி யாரு?" என்றார் நீதிபதி.

அவருக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்றார் ஹாலரன். கம்பெனி வக்கீல் அதைக் குறித்துக்கொண்டான்.

பிறகு ஐரிஸ் கூண்டேறினாள். நரைத்த தலை, தேவாலயத்துக்குப் போகிற நீல உடை. என் பக்கம் திரும்பவே இல்லை. என்ன எழுதினீர்கள் என்று ஹாலரன் கேட்டார்.

"ஏரி. அப்ப ஏரியில மீனெல்லாம் செத்து மிதந்துச்சு. அதைப் பத்தின பாட்டு."

ஹாலரன் நிம்மதியாக உட்காரப் போனார். ஐரிஸ் முடிக்கவில்லை.

"நான் எழுதினது ஏரி. அவ பாடினது எரி. மூணு வருஷம் சொன்னேன். கேக்கல."

கம்பெனி வக்கீல் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஹாலரன் கண்ணை மூடிக்கொண்டார். ஐரிஸ் எப்போதும் இப்படித்தான். உண்மை என்றால் முழுசாகத்தான் சொல்வாள். வீடே இடிந்தாலும் சரி.

எப்படிச் சொன்னீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"மேடையிலேயே கத்துவேன்மா. ‘இழு, இழு’ன்னு. அந்த ‘எ’வைக் கொஞ்சம் இழுத்தா ஏரி வந்துடும். இழுக்கவே மாட்டா. வேணும்னே என் பாட்டைக் கெடுக்கறான்னு புரிஞ்சுது. அதான் கிதாரை வச்சுட்டுப் போனேன்."

நான் எழுந்துவிட்டேன். ஹாலரன் என் கையைப் பிடித்து இழுத்தார். உட்காரவில்லை.

"மைக் வயரைடி," என்றேன். "வயரை இழுக்கச் சொல்றேன்னு நினைச்சேன்."

உண்மை. ஒவ்வொரு கச்சேரியிலும் அவள் ‘இழு’ என்று கத்துவாள், நான் வயரைப் பிடித்து வெறி பிடித்தவள் போல இழுப்பேன். அதுதான் என் பாணி என்று கெண்ட்ரா கட்டுரையே எழுதியிருக்கிறாள். அவள் சொன்னதும்தான் நினைவு வந்தது, மனதில் நான் பாடியது ஏரிதான். வாயில் என்ன வந்ததோ எனக்குத் தெரியாது.

ஐரிஸ் முதல்முறையாக என்னைப் பார்த்தாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துவிட்டாள். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறத் திணறச் சிரித்தாள். நானும்தான். எங்கள் இருவரையும் வெளியே உட்காரவைத்தார்கள்.

அரைமணியில் தீர்ப்பு. மூன்று வருடம் ஒரே மேடையில் நின்றும் ஒரு வார்த்தையில் ஒத்துப்போக முடியாத இருவர், சேர்ந்து சதி செய்து ஒரு கட்டடத்தைக் கொளுத்துவார்கள் என்று நம்ப இந்த நீதிமன்றத்தால் இயலவில்லை. மனு தள்ளுபடி.

வெளியே கார்களுக்கு நடுவில் நின்றோம். சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. இத்தனை வருஷம், என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. கார் சாவியைத் தேடுகிறேன் என்று கைப்பையை முழுக்கக் கிளறினாள். சாவி கையிலேயே இருந்தது.

அக்டோபர் 29

வழக்கு இழுத்துக்கொண்டே போனதால் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். நாங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தால் நிலத்தை எங்களுக்கே விற்கத் தயார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூட்டுறவு வங்கிக் கடன் கிடைக்கும் என்கிறார் ஹாலரன். சங்கத்துக்கு ஒரு தலைவர் வேண்டும் என்றதும் எல்லோரும் குனிந்து ஷூவைப் பார்த்தார்கள். நான் சற்றுத் தாமதமாகக் குனிந்தேன்.

ஜனவரி 18, 2020

பொழுது விடிவதற்கு முன்பே ஏர்லிடமிருந்து போன். குழாய் உறைந்துவிட்டதாம். முன்பெல்லாம் நிலத்துக்காரனைத் திட்டலாம், நிம்மதியாக இருந்தது. இப்போது நிலம் எங்களுடையது, தலைவி நான், எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள்.

ஐரிஸைக் கூப்பிட்டேன். தலைமுடி உலர்த்தியோடு வந்தாள். இரண்டு கிழவிகள் ஏர்ல் வீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, குழாயை எந்தப் பக்கத்திலிருந்து சூடாக்குவது என்று மதியம்வரை சண்டை போட்டோம். அவள் சொன்ன பக்கம்தான் சரி என்பது கடைசியில் தெரிந்தது. இங்கே எழுதுகிறேன், அவளிடம் சொல்லவில்லை.

தண்ணீர் வந்துவிட்டது. என் வீட்டில் சூப் குடித்தோம். கிளம்பவில்லையா என்று கேட்டதற்கு, "பனி நிக்கட்டும்டி, போறேன்" என்றாள்.

காலையிலிருந்து பனியே பெய்யவில்லை. அடுப்பில் இன்னும் கொஞ்சம் சூப்பை ஏற்றினேன்.