நீலப் போர்வை குறித்த மேல்முறையீடு

அனுப்புநர்:
ஆடவர் ஒற்றையர் டென்னிஸில் நேற்று தகுதி நீக்கம் செய்யப்பட்ட வீரரின் தாயார்,
முதுநிலை எழுத்தர் (ஓய்வு), குடிநீர் வாரியம்,
நான்காம் மாடி, இரண்டாம் எண் ஆடுகளத்தை ஒட்டிய குடியிருப்பு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
டென்னிஸ் மேல்முறையீட்டுக் குழு,
பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகள்.

பொருள்: ஆடவர் ஒற்றையர் காலிறுதி – மொட்டைமாடியிலிருந்து சைகை மூலம் பயிற்சி பெற்றதாக வெற்றி ரத்து – நடந்ததை உள்ளபடி தெரிவித்து மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தலைமை நடுவரின் நேற்றைய மாலை ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட ஆணையின்படி என் மகனின் காலிறுதி வெற்றி செல்லாது என்றும், அந்த வெற்றி எதிராளிக்கே சேரும் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது. இந்தப் போட்டிகளில் அரையிறுதிக்குப் போனாலே வெண்கலம் உறுதி. அது போயிற்று. அதோடு அவனை இரண்டு ஆண்டுகள் விளையாட விடக்கூடாது என்றும் பரிந்துரை செய்திருக்கிறார்கள். மேல்முறையீட்டுக்கு இன்று நண்பகல் வரை அவகாசம் உள்ளது. அரையிறுதி நாளைக் காலை.

2. நான் குடிநீர் வாரியத்தில் எழுத்தராக வேலை பார்த்து, ஊராருடைய மனுக்களுக்கெல்லாம் பதில் எழுதியே ஓய்வு பெற்றவள். மனுவின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படித்துவிட்டு "பரிசீலனையில் உள்ளது" என்று குறிப்பெழுதும் கலை எனக்கும் தெரியும். தாங்கள் அருள்கூர்ந்து இந்த மனுவின் நடுப்பகுதியையும் படிக்க வேண்டும். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

3. எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடிக்கும் இரண்டாம் எண் ஆடுகளத்துக்கும் நடுவில் ஒரு சுற்றுச்சுவரும் ஒரு சந்தும்தான். மாடியில் துணி காயப்போடும் கொடிகள் மூன்று வரிசையாக உள்ளன. முன்வரிசைக் கொடி ஆடுகளத்தை நேராகப் பார்த்தபடி இருக்கும். ஆட்டத்தின் நடுவே வீரர் அந்த மாடியை அடிக்கடி அண்ணாந்து பார்த்தார், அங்கே ஒரு பெண்மணி துணிகளை மாற்றி மாற்றித் தொங்கவிட்டார் என்பது எதிர் அணியின் புகார். அந்தப் பெண்மணி நான்தான்.

4. புகாருடன் ஒரு அட்டவணையும் இணைத்திருக்கிறார்கள். பழுப்புத் துணி என்றால் பந்தை எதிராளியின் இடக்கைப் பக்கம் போடு, கோடு போட்ட துணி என்றால் வலைக்கு ஓடு, வெள்ளை என்றால் தூக்கி அடி என்று யாரோ மெனக்கெட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். பழுப்புத் துணி எங்கள் வீட்டுக் கால்மிதி. கோடு போட்டது என் நைட்டி. வெள்ளை, தலையணை உறை. இவையெல்லாம் பின்வரிசைக் கொடிகளில் காலை முதல் கிடந்தவை. அவ்வப்போது ஆடியது காற்றின் வேலை. என் நைட்டியைப் பார்த்து ஒருவன் பன்னாட்டுப் போட்டியில் ஜெயிக்க முடியும் என்றால் அதைத் தாங்களே பறிமுதல் செய்து ஆராய்ந்துகொள்ளலாம்.

5. ஆனால் சைகையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சைகை இருந்தது. அது முன்வரிசைக் கொடியில் இருந்தது. என்ன சைகை என்பதை இனிச் சொல்கிறேன்.

6. என் மருமகள் நிறைமாதக் கர்ப்பிணி. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. காலிறுதி அன்று காலையிலேயே வலி எடுத்துவிட்டது. மருத்துவமனையில் சேர்த்தோம். என் மகன் ஆட்டத்துக்குப் போக மாட்டேன் என்று பையைக் கீழே வைத்துவிட்டான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. முழங்காலில் இரண்டு முறை கத்தி வைத்தாகிவிட்டது. அடுத்த முறை இந்தப் போட்டிகள் நடக்கும்வரை இந்த உடம்பு தாங்காது என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "போய் விளையாடிட்டு வாங்க. நான் எங்கேயும் ஓடிடப் போறதில்ல" என்று அவனைக் கிளப்பியது அவள்தான்.

7. ஆட்டத்தின்போது வீரர்களிடம் கைபேசி கிடையாது. பயிற்சியாளர் வழியாகச் சொல்லி அனுப்பலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். பயிற்சியாளர் நல்லவர்தான். ஆனால் வானமே இடிந்து விழுந்தாலும் "முதல்ல இந்த செட்ட முடி" என்று சொல்லும் ரகம். கெட்ட செய்தி என்றால் மூடி மறைத்துவிடுவார் என்று என் மகன் பயந்தான். போர்வை யோசனை மருமகளுடையது. "அத்தை, மாடியில போர்வை போட்டா கோர்ட்டுலேர்ந்து நல்லாத் தெரியும். நீங்க போடுங்க. நீங்கன்னா இவர் நம்புவார்" என்றாள். முன்கொடி காலியாக இருந்தால் இன்னும் சேதி இல்லை. நீலப் போர்வை என்றால் தாயும் பிள்ளையும் நலம். சிவப்புக் கம்பளி என்றால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வா. இவ்வளவுதான் ஏற்பாடு. இதில் டென்னிஸ் எங்கேயும் இல்லை.

8. மருத்துவமனையில் உடனிருக்க ஒருவருக்குத்தான் அனுமதி. சம்பந்தியம்மா அங்கே இருந்தார். நான் மாடியில் கைபேசியும் இரண்டு போர்வைகளுமாக நின்றேன். முதல் செட்டை அவன் தோற்றான். இரண்டாவதை இழுபறியில் எடுத்தான். ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் அண்ணாந்து பார்த்தான். புகாரில் சொல்லியிருப்பது போல அடிக்கடிதான் பார்த்தான். மனைவி பிரசவ அறையில் இருக்கும்போது பார்க்காமல் இருந்திருந்தால் நானே அவனைத் தகுதி நீக்கம் செய்திருப்பேன்.

9. மூன்றாவது செட்டில் அவன் பின்தங்கியிருந்தபோது சம்பந்தியம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. அழுதுகொண்டே பேசினார். "இவளுக்கு ரத்தப்போக்கு நிக்கவே இல்ல சம்பந்தி. குழந்தையோட துடிப்பும் இறங்குதாம். உடனே ஆபரேஷன்னு சொல்றாங்க. உள்ள போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு கையப் புடிச்சுக்கிட்டு கேக்குறா. மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க" என்றார். சிவப்புக் கம்பளி என் இடது தோளில் கிடந்தது.

10. நான் சம்பந்தியம்மாவிடம், "ஆட்டம் நடுவுல சேதி சொல்ல வழியே இல்ல. டாக்டர் கேக்குற இடத்துல நீங்களே கையெழுத்துப் போடுங்க" என்று சொன்னேன். அது பொய். வழி என் தோளில்தான் இருந்தது. அப்போது அந்த செட்டில் கேம் கணக்கு 3–4. பக்கம் மாறும் நேரம். என் மகன் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைக் கூடக் குடிக்காமல் நிமிர்ந்து பார்த்தான். நான் நீலப் போர்வையை உதறி முன்கொடியில் போட்டேன்.

11. அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது மொட்டைமாடிக்குத் தெரிந்தது. பிறகு எழுந்துபோய் ஆடினான். அதற்குப் பின் நடந்த ஐந்து கேம்களில் நான்கை அவனே எடுத்தான் என்று புகாரில் இருக்கிறது. மறுக்கவில்லை. அப்படி அவன் ஆடி நான் பார்த்ததே இல்லை. முழங்கால் இருப்பதையே மறந்துவிட்டவனாக ஓடினான். ஜெயித்ததும் மாடியைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினான். அதையும் நான்காவது ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். என்னால் பதிலுக்குக் கையை உயர்த்த முடியவில்லை. படியிறங்கி ஓடினேன்.

12. ஏன் அப்படிச் செய்தேன் என்று விசாரணையில் கேட்பீர்கள். அவன் வந்திருந்தாலும் அறுவை அறைக்கு வெளியில்தானே நின்றிருப்பான் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது செல்லவில்லை. அவள் கேட்டது அறுவை அல்ல, ஒரு வார்த்தை. எனக்கு ஆசை, ஐயா. என் பிள்ளை ஒருமுறை ஜெயித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. இதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் வைக்க எனக்கு மனமில்லை. பயிற்சியாளர் மறைத்துவிடுவார் என்று பயந்துதான் என்னை மாடியில் நிறுத்தினார்கள். நான் பயிற்சியாளரையே மிஞ்சிவிட்டேன்.

13. அறுவை முடிந்து பெண் குழந்தை பிறந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்கிறார்கள். மருமகளுக்கு ரத்தம் ஏற்றித் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். என் மகன் மட்டையும் கையுமாக, தாயும் பிள்ளையும் நலம் என்ற நினைப்போடு சிரித்துக்கொண்டே மருத்துவமனைக்குள் வந்தான். வாசலிலேயே சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். "அந்தப் போர்வைய எப்பம்மா போட்டே? போன் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டான். பின்னாடி என்றேன். அதற்குமேல் அவன் என்னோடு பேசவில்லை.

14. மாலையில் தங்கள் அலுவலகத்தின் ஆணை அவன் கைபேசிக்கு வந்தது. படித்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்காங்க" என்று சொல்லி அணி மேலாளரிடம் நீட்டினான். மேல்முறையீட்டில் கையெழுத்திட மறுத்துவிட்டான். அவனுக்கு உதவி கிடைத்தது உண்மைதான், அந்தப் போர்வை இல்லையென்றால் அவன் அந்த ஆட்டத்தை முடித்தே இருக்க மாட்டான், ஆகவே அது தன் வெற்றி அல்ல என்பது அவன் கட்சி. வீரர் கையெழுத்தில்லாமல் தானும் போட முடியாது என்று மேலாளர் ஒதுங்கிக்கொண்டார். ஆகவேதான் விதியில் இடமில்லாத நான் எழுதுகிறேன். மனுதாரருக்குத் தகுதியில்லை என்று இதைத் திருப்பி அனுப்பலாம் என்பது எனக்குத் தெரியும். அனுப்பிவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

15. என் பணிவான வாதம் இதுதான். வெளியிலிருந்து வரும் பயிற்சியைத்தான் தங்கள் விதி தடுக்கிறது. எப்படி ஆடுவது என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் தெரியாது. இன்றைக்கும் டென்னிஸில் பதினைந்துக்குப் பிறகு ஏன் முப்பது, முப்பதுக்குப் பிறகு ஏன் நாற்பது என்று விளங்காதவள் நான். நான் அவனை ஏமாற்றினேன். ஏமாற்றப்பட்டவனுக்கு ஏமாற்றுக்காரன் என்ற பட்டத்தைக் கொடுப்பது எந்த விதியிலும் இருக்க முடியாது. அவன் எதிராளியை ஏய்க்கவில்லை, நடுவரை ஏய்க்கவில்லை. தன் மனைவி பிழைத்துவிட்டாள் என்று நம்பி மட்டையைப் பிடித்தான்.

16. நான் என் மருமகளுக்குச் செய்தது தங்கள் குழுவின் அதிகாரத்துக்குள் வராது. அதை அவள் காலடியில் உட்கார்ந்து நானே சொல்லிக்கொள்ள வேண்டும். அவள் என்ன தீர்ப்புச் சொன்னாலும் மேல்முறையீடு செய்ய மாட்டேன். பார்வையாளர் என்ற முறையில் எனக்கு அபராதமோ, ஆடுகளப் பக்கமே தலைகாட்டக்கூடாது என்ற தடையோ விதித்தால் அதையும் மறுபேச்சில்லாமல் ஏற்பேன். மருத்துவமனையின் சான்றையும், என் கைபேசி அழைப்பு விவரத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். சம்பந்தியம்மாவும் வந்து சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார். என்மேல் உள்ள கோபத்தில் ஒரு வார்த்தையும் குறைக்காமலே சொல்வார்.

17. எனவே, வீரர் பயிற்சி பெற்றார் என்ற முடிவை நீக்கி, காலிறுதி வெற்றியை அவனுக்கே உறுதி செய்து, தடைப் பரிந்துரையைக் கைவிட்டு, நாளைக் காலை அரையிறுதி ஆட அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். அனுமதித்தாலும் அவன் ஆட வருவானா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வராமல் போனால் அது அவனாக எடுத்த முடிவாக இருக்கட்டும்.

18. கடைசியாக ஒன்று. இன்று காலை மருமகள் கண் விழித்தாள். குழந்தை எங்கே என்று கேட்டாள், சொன்னோம். பிறகு என் மகனைப் பார்த்து, குரலே எழும்பாமல், "ஜெயிச்சீங்களா?" என்று கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அவள் கையை மட்டும் பிடித்திருந்தான். அவள் என் பக்கம் திரும்பினாள். "ஜெயிச்சுட்டாம்மா" என்று நான் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள், ஐயா. இந்தக் குடும்பத்திடம் நான் ஏற்கெனவே இரண்டு பொய் சொல்லியாயிற்று. இந்த ஒன்றையாவது தாங்கள் உண்மையாக்கித் தர வேண்டும்.

தங்கள் ஆணைக்காகக் காத்து நிற்கும்,
(கையொப்பம்)
வீரரின் தாயார்

இடம்: மகப்பேறு மருத்துவமனை, இரண்டாம் மாடி, தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வெளிநடை
நாள்: போட்டிகளின் ஒன்பதாம் நாள், முற்பகல்